சொன்னவர் திரும்பி வந்து கேட்டால்

(அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



'இலக்கிய இதழியலும் வாய்மொழி வரலாறும்' என்று பெரிய தலைப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இரண்டுமே நம்மிடம் இல்லையே, எதைப் பற்றிப் பேசப்போகிறாய்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். அதையும் நம் கெடா மாநிலத்துக் கூலிமை விட்டு அதிகம் வெளியே போகாமல் பேசப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு பிரெஞ்சுக்காரர். பியர் பூல் என்று பெயர். 1936இல் மலாயாவுக்கு வந்து ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில், 1952இல், குவாய் நதிப் பாலம் பற்றி ஒரு நாவல் எழுதினார். அது 1957இல் சினிமாவாகி உலகமெல்லாம் ஓடியது. படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில். சயாம் மரண ரயில் என்று சொன்னால் உலகத்தில் பெரும்பாலோருக்கு இன்றும் அந்தப் படம்தான் நினைவுக்கு வரும். சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வரும் வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் காண்பார்கள். பூல் நம் தோட்டங்களில் புழங்கியவர். பால்மரம் சீவும் தமிழரைத் தினமும் பார்த்திருப்பார். ஆனாலும் அவர் கதையின் மையத்தில் தமிழன் இல்லை.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு எது கையில் கிடைத்ததோ அதை வைத்து எழுதினார். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் கொண்டுபோன போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிரோடு திரும்பியவர்கள் நாட்குறிப்பு வைத்திருந்தார்கள், படம் வரைந்து மறைத்து வைத்திருந்தார்கள், ஊர் போய் நூல் எழுதினார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. மலாயா, பர்மா, ஜாவாவிலிருந்து போன ஆசியத் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் ஒரு கணக்குக்கும் இன்னொரு கணக்குக்கும் பல்லாயிரம் வித்தியாசம் வருகிறது. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தோட்டத் தமிழர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு. திரும்பி வந்தவர்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் கேட்டார்கள், பாதியில் எழுந்து விளையாடப் போனார்கள்.

நம் தரப்பில் அந்தப் பேச்சைப் பிடித்து வைத்தவர்கள் யாரென்று பார்த்தால் பெரும்பாலும் நாவலாசிரியர்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார். அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். நம் சுங்கைப் பட்டாணிக்காரர் கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். சீ. அருண் போன்றவர்கள் உயிரோடிருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு நேரடி வரலாறாகவே தொகுத்தார்கள். ஆனால் அந்த வரிசை சிறியது. நாவல் வரிசைதான் பெரியது.

இது ஒரு நிகழ்ச்சியோடு நிற்கவில்லை. பகாங்கில் நிலத்திட்டம் ஒன்றில் தமிழர்களைக் கொத்தடிமைகளாக அடைத்து வைத்த 1980களின் கொடுமை 'செலாஞ்சார் அம்பாட்' என்ற நாவலாயிற்று. அதையும் புண்ணியவானே எழுதினார். 1981இல் இங்கே பக்கத்தில், லுனாஸில், நச்சுச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். அந்தச் சாவு லுனாஸிலேயே பிறந்த ம. நவீனின் 'பேய்ச்சி'க்குள் போயிற்று. 2020 இறுதியில் உள்துறை அமைச்சு அந்த நாவலைத் தடை செய்ததும் எல்லாரும் நாவலைப் பற்றிப் பேசினார்கள். ஆபாசமா, இல்லையா என்று மாதக்கணக்கில் சண்டை. 1981இல் லுனாஸில் செத்தவர்கள் யார் யார், சாராயம் எங்கிருந்து வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் யார், அந்த வீடுகளில் மிஞ்சிய பெண்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் அந்தச் சண்டையில் யாருக்கும் தேவைப்படவில்லை. நாவலாசிரியர் தன் வேலையைச் செய்துவிட்டார். பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய இன்னொரு நூலை எழுத நம்மிடம் ஆள் இல்லை.

நாவலுக்கு ஒரு வசதி உண்டு. 'இது கற்பனை' என்ற ஒரு வரியைப் போட்டுவிட்டால் யாரும் வந்து கணக்குக் கேட்க முடியாது. அந்த வசதியைக் கைவிட்டு, நாவலாசிரியனின் கண்ணையும் காதையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதுவதைத்தான் நான் இலக்கிய இதழியல் என்கிறேன். பெயர் இருக்கும், ஊர் இருக்கும், நடந்தது மட்டும் இருக்கும். சொன்னவர் அதைப் படித்துவிட்டோ பிறர் படிக்கக் கேட்டோ, 'இதை நான் சொன்னேன், அதை நான் சொல்லவில்லை' என்று திரும்பி வந்து கேட்கலாம். கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இது வெளியூர்ச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1930களில் மணிக்கொடிக் காலத்திலேயே வ.ரா. நடைச்சித்திரங்கள் எழுதினார். தெருவில் பார்க்கிற சாதாரண ஆளை நிறுத்தி வைத்து எழுதிய எழுத்து அது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதைக்கு வெகுஜனப் பத்திரிகை இரண்டு வருடம் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. நமக்கு இன்னும் நெருங்கிய உறவு இலங்கை மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராகி, தொழிற்சங்கத்துக்கு வந்து, நாடாளுமன்றம் வரை போனவர். 1970இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'பார்ன் டு லேபர்' தோட்டத்து ஆட்களின் உருவச் சித்திரங்கள். தோட்டத்துப் பாட்டுகளையும் அவரே தேடித் தொகுத்தார். ஒரே ஆள் காலையில் சங்க வேலை, மாலையில் பாட்டுச் சேகரிப்பு, இரவில் எழுத்து. மலாயாத் தோட்டத்துக்கு அப்படி ஒரு சி.வி. வாய்க்கவில்லை என்பது என் பழைய வருத்தம். நமக்குச் சங்கத் தலைவர்கள் இருந்தார்கள், கதாசிரியர்கள் இருந்தார்கள். இரண்டும் ஒருவரிடம் சேரவில்லை.

நம் நாளிதழ்களையும் பார்க்க வேண்டும். 'தமிழ் நேசன்' 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. 95 வருட ஓட்டம். தோட்டத்துச் செய்தி அதில் இல்லாமல் இல்லை. கோவில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, சங்கக் கிளைக் கூட்டம், மரண அறிவித்தல் எல்லாம் வரும். தோட்டத்திலிருந்து அனுப்பும் பகுதிநேர நிருபர் தோட்ட எழுத்தரான கிராணியாகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். வேலையை மேற்பார்க்கும் தண்டலைப் பற்றி எழுதினால் நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதே தண்டல் முகத்தில் விழிக்க வேண்டும். அதனால் திருவிழாவை எழுதினார். கசப்பெல்லாம் சிறுகதைக்குப் போயிற்று. அதே பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில், பெயர் மாற்றிய தோட்டத்தில், பெயர் மாற்றிய தண்டல் வருவான்.

பெயர் மாற்றுவது பண்டிதர்களிடமும் உண்டு. ரவீந்திர ஜெயின் என்ற மானிடவியலாளர் மலாயாத் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்து 1970இல் நூல் வெளியிட்டார். தோட்டத்துத் தமிழர் வாழ்க்கையைப் பற்றி அவ்வளவு நுணுக்கமான நூல் குறைவு. அதில் தோட்டத்தின் பெயர் 'பால் மலாயு'. அந்தப் பெயரில் ஒரு தோட்டம் கிடையாது, ஆய்வுக்காக வைத்த புனைபெயர். சொன்னவர்களைக் காப்பாற்ற அது அவர்கள் துறையின் ஒழுக்கம், நியாயம்தான். ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறந்த பேரன் நூலகத்தில் அந்த நூலை எடுத்தால் அது தன் பாட்டனைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. இதழியல்காரன் பெயரைப் போடுகிறான். வாய்மொழி வரலாற்றுக்காரன் ஒலிப்பதிவைப் பெயரோடு ஆவணக் காப்பகத்தில் வைக்கிறான். சிங்கப்பூரில் 1979 முதல் அரசே இதை ஒரு துறையாக நடத்துகிறது. அங்கே பதிவான தமிழர் குரல்களை இன்று வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம். சாதி, கடன், குடும்பச் சண்டை என்று வரும்போது பெயரை மறைக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எந்தச் சனம் எந்த லயத்தில் இருந்தது என்று கேட்டால் இன்றும் பேச்சு நின்றுபோகும் வீடுகள் உண்டு. நாம் மறைத்துப் பழகியது அதையெல்லாம் தாண்டி. துரையின் பெயரைக்கூட மறைத்திருக்கிறோம்.

இனி 1947. கெடாவைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் போக முடியாது. போர் முடிந்த கையோடு ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைக்கு முன்னால் மறியல். இளைஞர்கள் பயிற்சி எடுத்தார்கள், லயங்களில் குடிகாரர்களைத் தட்டிக் கேட்டார்கள். நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் இது சம்பளப் போராட்டத்தைவிடப் பயமாக இருந்தது. மார்ச்சில் பீடோங்கில் மோதல். ஏப்ரல் கடைசியில் இதே கூலிம் வட்டாரத்தில், டப்ளின் தோட்டத்தில், போலீஸ் சுட்டு ஒரு தொழிலாளி இறந்தார். வரலாற்றாசிரியர்கள் இதைக் காலனி அரசின் கோப்புகளிலிருந்து எழுதியிருக்கிறார்கள். கோப்பில் கூட்டம் 'கட்டுக்கடங்காதது' ஆகத்தான் இருக்கும். கோப்பு எழுதியவன் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவன்.

அப்படியானால் தோட்டத்தில் கேட்டது மட்டும்தான் உண்மையா? அதையும் நான் சொல்ல வரவில்லை. 1947இல் 15 வயதாக இருந்தவருக்கு இன்று 90 தாண்டிவிட்டது. நமக்குக் கிடைப்பது அநேகமாக மகன் சொல்லும் அப்பா கதை, மருமகள் சொல்லும் மாமியார் கதை. அதில் 'ஜப்பான்காரன் காலம்' முடிவதும் 1948இன் அவசரகாலம் தொடங்குவதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருந்த 1947 இரண்டில் ஒன்றுக்குள் போய்விடும்.

இப்படி ஆண்டு இடம் மாறுவது நம்மிடம் மட்டும் நடப்பதல்ல. இத்தாலியில் தெர்னி என்று ஓர் இரும்பாலை நகரம். 1949இல் நேட்டோவில் சேர்வதை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் லூய்ஜி திராஸ்துல்லி என்ற இளம் தொழிலாளியைப் போலீஸ் கொன்றது. ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அங்கே போய்க் கேட்டபோது பலர் அந்தச் சாவை 1953க்குத் தள்ளி வைத்துச் சொன்னார்கள். 1953இல்தான் ஆலையில் ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு நடந்து நகரமே தெருவுக்கு வந்தது. தங்களில் ஒருவன் யாரோ செய்த ஒப்பந்தத்துக்காகச் செத்தான் என்பதை அவர்கள் மனம் ஒப்பவில்லை. வேலைக்காகச் செத்தான் என்று வைத்துக்கொண்டார்கள். போர்த்தெல்லி அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை, உண்மை என்று அச்சடிக்கவும் இல்லை. தேதி இது, அவர்கள் சொல்வது இது, ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று மூன்றையும் எழுதினார். டப்ளின் தோட்டத்தைப் பற்றி எழுதப் போகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கோப்பும் குரலும் முரண்படும் இடத்தில் ஒன்றைத் தூக்கி எறிகிறவர் அரசுக் குமாஸ்தா ஆவார், அல்லது மேடைப் பேச்சாளர் ஆவார். பேச்சாளராக நிற்கும்போது இதைச் சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது.

தோட்டத்து ஆளிடம் வருடம் கேட்கக் கூடாது என்பதை இளைய நிருபர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். 'எந்த வருஷம்?' என்று கேட்டால் பாட்டி மிரண்டுபோவார், பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார். 'மூத்தவன் பிறந்துட்டானா பாட்டி அப்போ? நிரை மாத்திக் கொடுத்தாங்களா? ஆயாக்கொட்டகையில யாரு இருந்தாங்க?' என்று கேட்டால் வருடம் தானாக விழும். பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார், பால் வாளிகளைத் தொங்கவிடும் காண்டா கட்டை எந்தத் தோளில், மழை வந்து பால் கெட்ட நாளில் சம்பளம் என்ன ஆனது, ஒட்டுப்பாலுக்கு என்ன கணக்கு என்று கையும் காலும் செய்ததைக் கேட்டால் பொய் வராது. உடம்பு செய்த வேலை உடம்பில் இருக்கிறது. துயரத்தைக் கேட்டால்தான் சினிமா வசனம் வரும். கேட்கிறவர் துயரம் தேடி வந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, பாவம், விருந்தாளிக்குப் பிடித்ததைப் பரிமாறுவார்கள்.

இன்னொன்று. ஆண்கள் இருக்கும்போது பெண்கள் பேசுவது வேறு, அவர்கள் எழுந்து போன பிறகு பேசுவது வேறு. பசியாறி முடித்துக் கோப்பைகளை எடுத்துப்போகும்போது அடுக்களை வாசலில் நின்று சொல்வதுதான் பல நேரம் உண்மையான பேட்டி. அப்போது பதிவுக்கருவி மேசையில் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்.

எழுதி முடித்த பிறகு வரும் சிக்கல் இன்னும் பெரியது. பெலரூஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் 2015இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றார். குரல்களை மட்டும் அடுக்கியே நூல் எழுதுகிறவர். ஆப்கான் போரில் செத்த சோவியத் சிப்பாய்களின் தாய்மார் பேசிய நூலுக்காக 1990களின் தொடக்கத்தில் மின்ஸ்க் நீதிமன்றத்தில் அவர் மேல் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட்டவர்களில் அவரிடம் பேசிய தாயே இருந்தார். பின்னால் இருந்து தூண்டியது யார் என்பது வேறு கதை. ஆனாலும், நான் சொன்னதை மாற்றிவிட்டாய் என்று ஒரு தாய் எழுத்தாளர் முகத்துக்கு நேரே சொன்ன காட்சி மறக்கக்கூடியது அல்ல. பதிப்புக்குப் பதிப்பு ஒரே சாட்சியின் சொற்கள் மாறியிருப்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அவர் பெரிய எழுத்தாளர், எனக்குச் சந்தேகமில்லை. அவரிடம் கற்றுக்கொள்ளும்போது இதையும் சேர்த்துக் கற்க வேண்டும். பேச்சைச் செதுக்கலாம், ஆனால் செதுக்காத பதிவு எங்காவது இருக்க வேண்டும்.

பதிவே இல்லாத கதையும் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஜோ கூல்ட் என்று ஒரு நாடோடி இருந்தார். தன் காலத்து மக்களின் பேச்சையெல்லாம் கேட்டு லட்சக்கணக்கான சொற்களில் 'வாய்மொழி வரலாறு' எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஊரை நம்பவைத்தார். ஜோசப் மிட்செல் என்ற அருமையான பத்திரிகையாளர் 1942இல் அவரைப் பற்றி எழுதினார். பிறகு அப்படி ஒரு நூலே இல்லை என்று மிட்செலுக்குத் தெரிந்துவிட்டது. கூல்ட் செத்து ஏழு வருடம் கழித்து, 1964இல்தான் அதை எழுதினார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகம் போய்வந்தார், புதிதாக ஒரு கட்டுரையும் வெளியிடவில்லை. 'தோட்டத்துக் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒவ்வொரு இலக்கியக் கூட்டத்திலும் சொல்கிற நம் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்குக் கூல்ட் ஞாபகம் வருவார். பெயர் சொல்ல மாட்டேன், அவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம்.

இப்போது கூலிம் ஹைடெக் பூங்கா. பால்மரமும் செம்பனையும் நின்ற வட்டாரத்தில் 1,700 ஹெக்டேரில் 1996இல் திறந்தார்கள். இன்டெல் வந்தது, பிறகு இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் என்று வரிசை. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் புதிய சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்தபோது பிரதமர் வந்தார். முதல் கட்டத்துக்கே 200 கோடி யூரோ என்று செய்தி. நம் பத்திரிகைகளும் போட்டன. அமைச்சர் பெயர் இருந்தது, தொகை இருந்தது, படம் இருந்தது. திருவிழாச் செய்தி எழுதிய பழைய கை அப்படியே இருக்கிறது, கோவில்தான் மாறியிருக்கிறது.

1996இல் 19 வயதில் ஆப்பரேட்டராகச் சேர்ந்த பெண்ணுக்கு இன்று 50ஐ ஒட்டிய வயது. அம்மா பால்மரம் சீவியவர். சித்தியோ அத்தையோ 1972க்குப் பிறகு பினாங்கு பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்கு இருட்டில் பேக்டரி பஸ் ஏறியவர். இவர் உடம்பெல்லாம் மூடிய வெள்ளை உடை போட்டு, கண் மட்டும் தெரிய, தூசியில்லாத அறைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நின்றவர். உள்ளே கைப்பேசி கிடையாது, படம் எடுக்கக் கூடாது, வேலையைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இயந்திரத்துக்கு உண்டு. அவர் முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார், இரவு ஷிப்டில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள், தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன கடிதம் வந்த அன்று அவர் எந்த ஷிப்டில் இருந்தார் என்பதற்கெல்லாம் எந்த ஒப்பந்தமும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பக்கத்தில் நின்று வேலை செய்பவர் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்திருப்பார். அவரைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். பதில் நமக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம், அதையும் அச்சிட வேண்டும்.

தோட்டத்தைப் பற்றி எழுத நாம் ஐம்பது வருடம் தாமதித்தோம். அதனால் அங்கே இப்போது ஏக்கம்தான் அதிகம் கிடைக்கிறது: ஆற்றில் மீன் பிடித்தோம், திருவிழாவில் படம் பார்த்தோம். லயத்துக் கூரை ஒழுகியது மறந்துவிட்டது. பூங்காவின் முதல் தலைமுறை இன்னும் வேலையில் இருக்கிறது. கோபமும் கணக்கும் இன்னும் சூடாக இருக்கின்றன. சம்பளச் சீட்டு அலமாரியில் இருக்கிறது, கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். குரலையும் தாளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வசதி 1947ஐ எழுதுகிறவருக்குக் கிடையாது. இவர்களை எழுதுகிறவருக்கு உண்டு.

பணம் வேண்டுமே என்பீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும், அந்த உழைப்புக்குத்தான் காசு. எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட இன்னொரு தடவை போக வேண்டும். அவர் நல்ல பத்தி ஒன்றை எடுத்துவிடச் சொல்வார், அநேகமாகச் சொல்வார், எடுத்துவிட வேண்டும். ஒலிப்பதிவுக்கு இரண்டு பிரதிகள், ஒன்று அவர் வீட்டில்.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு என்னைப் போல ஒருவரைக் கூப்பிட வேண்டாம். இந்த மேடைக்கு ஆகும் செலவை இரண்டு இளம் நிருபர்களுக்குக் கொடுத்து, அவர்கள் கேட்டு எழுதியதை இங்கே படிக்கச் சொல்லுங்கள். முன்வரிசையில் சொன்னவர்கள் உட்காரட்டும், குறுக்கே பேசட்டும். நிகழ்ச்சியை மட்டும் வழக்கம்போல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்துவிடாதீர்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் தூங்குகிற நேரம் அது.